கட்டத்தில் அடங்காத அங்கிள்

நம் வயதுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன், வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாமெல்லாம் இங்கிலீஷைக் கண்டு பயந்த கூட்டம்தானே? எங்கள் தெருவிலும் எல்லோரும் பயந்தார்கள். நான் மட்டும் பயப்படவில்லை, கோபப்பட்டேன். பதினொரு வயதில், ஏழாம் வகுப்பில், காஞ்சிபுரத்தில் நடுத்தெருவில் நின்றுகொண்டு ஒரு முழு பாஷையின் மேல் கோபப்பட்டேன். அந்தக் கோபத்தில் இருந்த குஷி இந்த வயதில் நினைத்தாலும் காலைத் தரையில் நிற்கவிடாது.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான தை மாதம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர்கள் தெரு ஒன்றில் எங்கள் வீடு. தறிச்சத்தம் இல்லாத வீடு தெருவிலேயே எங்களுடையது ஒன்றுதான். அப்பா நெய்கிறவர் இல்லை. சேலைக் கரைக்கும் முந்திக்கும் டிசைன் போடுகிறவர். பொடிப் பொடிக் கட்டங்கள் போட்ட கிராஃப் தாளை மேஜையில் விரித்து, மயிலையும் அன்னத்தையும் கட்டம் கட்டமாகச் சிவப்பு மையால் நிரப்புவார். ஒரு கட்டம் ஓர் இழை என்று கணக்கு. அதைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள், அட்டை சொல்கிறபடிதான் தறி நெய்யும். நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று விட்டுப்போனால் சேலை முழுக்க அத்தனை மயிலுக்கும் கண் இருக்காது. அந்தத் தாள்களை நாங்கள் தொடக்கூடாது. மூச்சு கூடத் தள்ளி நின்று விட வேண்டும்.

அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. எங்கள் மாமா. வடக்கே ஏதோ ஒரு பெரிய இரும்பு ஆலையில் வேலை. எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தகரப் பெட்டியோடு ரயில் ஏறியவர், வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வந்தால் அவர் சட்டையில் ஒரு கரி வாசனை இருக்கும். அக்காவுக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். அவள் வலியில் கடித்த தழும்பு அவர் கட்டைவிரலில் இருந்தது. அதைக் காட்டிக் காட்டியே அவளை அழவும் சிரிக்கவும் வைப்பார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவரிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். “அக்கா, லீவு தரமாட்டேன் என்கிறார்கள். சொந்தப் பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் கல்யாணத்துக்குத்தான் லீவாம். நீஸ் கல்யாணத்துக்கு அங்கிள் போகாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார்கள். இங்கே என்ன சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.”

எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன் பெண்ணின் நெற்றியில் தங்க நிறத்தில் ஒரு பட்டம் கட்டி, கையைப் பிடித்து அழைத்துவந்து மணையில் உட்கார வைப்பது தாய்மாமன். அவர் கட்டினால்தான் பட்டம், அவர் உட்கார வைத்தால்தான் மணப்பெண். நமக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வடக்கே ஒரு ஆபீசருக்கு விளக்க வேண்டியிருந்தது.

கடிதத்தை நான் மடிப்பதற்குள் அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. மூன்று வீடு தள்ளி இருந்தாலும் எங்கள் வீட்டில் கடிதம் பிரிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கும்.

“லீவு இல்லியாமா? யாராண்ட காது குத்தறான்?” என்று ஆரம்பித்தாள். “பொண்ணைத் தனக்குக் குடுப்பீங்கன்னு பாத்துக்கினு இருந்தான். நீங்க வெளியில குடுத்துட்டீங்க. கோவம். அதான் லீவு கீவுன்னு கதை எழுதறான்.”

“அவன் தூக்கி வளத்த பொண்ணு அண்ணி. அவனே வேணாம்னு எப்பவோ சொல்லிட்டான்” என்றாள் அம்மா.

“வாயால சொல்லுவான். சரி வுடு. பட்டம் கட்ட ஆளா இல்ல? எங்க வூட்டுக்காரர் இல்லியா? அவரும் உங்க பசங்களுக்கு மாமாதானே?”

அதுவும் நிஜம்தான். அத்தை புருஷனையும் நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா அடுப்பிலிருந்து குழம்பை இறக்கினாள், எதற்கென்று தெரியாமல் மறுபடி ஏற்றினாள். உள்ளே பூத் தொடுத்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் சத்தமாகச் சொன்னாள்: “மாமா வரலன்னா எனக்குப் பட்டமே வேணாம். வெறும் நெத்தியோட உக்காந்துக்கறேன்.”

பெரியவர்கள் எல்லோரும் அத்தை சொன்னதைப் பாதி நம்பினார்கள். அப்பா உட்பட. நான் நம்பவில்லை. என்னிடம் நியாயமான காரணம் இருந்தது: இதெல்லாம் அந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் செய்த வேலை. நீஸ், அங்கிள். மாமாவைப் போய் எவனோ தப்பான பெயரில் கூப்பிட்டிருக்கிறான். சரியான பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் லீவு தானாக வந்துவிடும்.

எங்கள் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உறவுமுறைப் பட்டியல் ஒன்று இருந்தது. பரீட்சைக்கு வராது என்று டீச்சர் தாண்டிப்போன பக்கம். அன்று சாயங்காலம் விரல் வைத்துப் படித்தேன். அப்பாவின் அண்ணன், அங்கிள். அப்பாவின் தம்பி, அங்கிள். அம்மாவின் தம்பி, அங்கிள். அத்தை புருஷன், அங்கிள். சித்தி புருஷனும் அங்கிள். எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். நீளமாகக் கட்டிய பட்டு இழைகளுக்குக் கஞ்சி போட்டு உலர்த்துகிற நேரம், அதனால் தெருவே வெளியில் இருந்தது. நான் ஒவ்வொருவரிடமும் போய் அவர்களுடைய இங்கிலீஷ் உறவை அறிவித்தேன். பெரியப்பாவும் அத்தை புருஷனும் ஏதோ கோயில் மரியாதை விஷயத்தில் நாலு வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். பாவின் ஆளுக்கொரு முனையில் நின்றார்கள்.

“பெரியப்பா, இங்கிலீஷ்ல நீங்களும் அங்கிள், அவரும் அங்கிள்.”

“இன்னாது? அவரும் நானும் ஒண்ணா?” என்றார் பெரியப்பா.

அந்த முனையிலிருந்து அத்தை புருஷனும் அதையே கேட்டார். நாலு வருஷத்தில் முதல் முறையாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அது என்ன பாஷை, மட்டு மரியாதை தெரியாத பாஷை என்று இருவரும் சேர்ந்து திட்டினார்கள்.

அடுத்தது கசின். பெரியப்பா மகனும் கசின், அத்தை மகனும் கசின் என்று நான் வாசித்ததும் அத்தை கையிலிருந்த கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். “அண்ணன் முறைக்கும் கட்டிக்கிற முறைக்கும் ஒரே பேரா? அடிப்பாவி! அந்த ஊர்ல எப்படிடி பொண்ணு குடுக்கறாங்க?”

“அவங்க முறையே கேட்டுக்க மாட்டாங்களாம் அத்தை.”

“அப்ப அந்த ஆபீசர் மேல தப்பு இல்ல. பாவம், சொல்லிக்குடுக்க ஆள் இல்ல” என்றாள் அத்தை. மாமா கதை எழுதுகிறார் என்று காலையில் தான் சொன்னதை அவளே மறந்துவிட்டாள். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சரைப் பிடித்தேன். வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக வருகிறவர். அம்மாவின் தம்பிக்கென்று தனியாக ஒரு வார்த்தை இருந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தேன். டீச்சர் யோசித்துவிட்டு, “மெட்டர்னல் அங்கிள்” என்றார். ஆஹா! அதற்கு எத்தனை கனம், எத்தனை சத்தம்! மறந்துவிடுமோ என்று பயந்து பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை அதைச் சொல்லிக்கொண்டே ஓடினேன். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் என்னைத் திட்டினார். அதற்கும் மெட்டர்னல் அங்கிள் என்றுதான் பதில் சொன்னேன். வீட்டில் அம்மா நாலு தடவை முயற்சி செய்துவிட்டு, “மெட்டல் மாமான்னே வெச்சிக்கலாம், இரும்பு ஆலையிலதானே இருக்கறான்” என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை அப்பாவும் நானும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். மாமாவின் பெரிய ஆபீசருக்கு டீச்சர் ஒரு பக்கத்துக்கு மனு எழுதிக்கொடுத்தார். அழகான கையெழுத்து. மெட்டர்னல் அங்கிள் அதில் இரண்டு இடத்தில் வந்தது. ஆனால் மாமா கல்யாணத்தில் என்ன செய்வார் என்று ஒரு வார்த்தை கூட இல்லை.

“டீச்சர், பட்டம் கட்டறது, மணையில உக்கார வெக்கறது எல்லாம் எழுதுங்க டீச்சர்.”

“ஆபீசுக்குப் போற மனுவுல அதெல்லாம் எழுதினா சிரிப்பாங்கம்மா. வடக்கத்தி ஆளு, அவருக்கு இது ஒண்ணும் புரியாது” என்றார் டீச்சர். அப்பாவும் தலையாட்டினார். நல்ல டீச்சர்தான், எனக்கு இன்றும் அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அன்று அவர் நினைத்தது முழுத் தப்பு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா குளிக்கப் போனார். அவர் மேஜையிலிருந்து ஒரு கிராஃப் தாளை உருவினேன். நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தைச் சொல்கிறேன், பக்கத்து வீட்டுத் தறியே தோற்றது. வார்த்தை இல்லாவிட்டால் என்ன, டிசைன் இருக்கிறதே! ஒன்பது பொடிக் கட்டங்களைச் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு பெரிய கட்டம். நடுவில் அக்கா, மஞ்சள். மேலே அம்மா, சிவப்பு. அப்பா, பெரியப்பா, அத்தை, அத்தை புருஷன் எல்லோரும் பச்சை. அம்மாவுக்குப் பக்கத்தில் மாமாவின் கட்டம். அதற்குச் சிவப்பு அடிக்கவில்லை. வெள்ளையாக விட்டேன். நிரப்பாத கட்டம் ஒன்று இருந்தால் டிசைன் கெட்டது என்று எந்த ஊர்க்காரனுக்கும் தெரியும் என்பது என் எண்ணம். கீழே, மாமா அக்காவுக்குப் பட்டம் கட்டுகிற படம். மூக்கு கொஞ்சம் கோணல்தான், ஆனால் பட்டம் பிரமாதமாக வந்தது.

அந்த வெள்ளைக் கட்டத்துக்குள் பெயர் எழுத வேண்டும். அங்கேதான் வம்பு. மெட்டர்னல் அங்கிள் இங்கிலீஷில் பதின்மூன்று எழுத்து. அந்தக் கட்டத்தில் அடங்கவே இல்லை. எழுதி அழித்து எழுதியதில் தாள் நைந்துபோனது. வெறும் அங்கிள் என்று போட மனம் வரவில்லை, லீவைக் கெடுத்ததே அந்த வார்த்தைதானே? அதற்குள் குளியலறையில் சொம்புச் சத்தம் நின்றுவிட்டது. அவசரத்தில் நாம் கூப்பிடுகிறபடியே ‘மாமா’ என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவிட்டேன். நாலே எழுத்து, கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு அது தோல்வியாகத்தான் பட்டது.

உறையை ஒட்டுகிற வேலை என்னுடையது. தெருவில் பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியைத் தொட்டு ஒட்டுவதற்கு முன், மனுவுக்குப் பின்னால் தாளை மடித்துச் செருகினேன். அப்பாவே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

அப்புறம் காத்திருப்பு. பந்தக்கால் நட்டார்கள். அப்பளம் இட்டார்கள். அத்தை புருஷன் பட்டம் கட்டுவதற்கென்று புது வேட்டியே வாங்கிவிட்டார். ஒவ்வொரு நாளும் தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டதும் நான் வாசலுக்கும், அக்கா ஜன்னலுக்கும் ஓடுவோம்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தபால்காரர் வந்தார். கையில் தந்தி. நம் காலத்தில் தந்தி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பிரிக்கும் முன்பே அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். “ஐயோ, என் கூடப் பொறந்த தம்பி மாதிரி இருந்தானே! ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டானே!” அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா தந்தியைப் பிரித்து என்னிடம் கொடுத்தார்.

மூன்று வார்த்தை. நடுவில் இருந்த நீளமான வார்த்தை எனக்குத் தெரியாது. முதல் வார்த்தை லீவ். கடைசி வார்த்தை ஸ்டார்ட்டிங். “கிளம்பிட்டாரு! மாமா கிளம்பிட்டாரு!” என்று கத்தினேன். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள், இரண்டு பேரும் பந்தக்காலில் மோதிக்கொண்டோம். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் அப்பவே சொன்னேன், வந்துடுவான்னு” என்றாள்.

மாமா அரக்கோணத்தில் வண்டி மாறிக் காலை ரயிலில் வந்து இறங்கினார். அதே கரி வாசனை. வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைத்தான் தேடினார். “யாரு அந்தத் தாளை வெச்சி அனுப்புனது?” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போனேன்.

“பெரிய ஆபீசர் கூப்ட்டு அனுப்புனாரு. வேலையே போச்சின்னு நெனச்சிக்கினு போனேன்” என்று மாமா சொல்ல ஆரம்பித்தார். தெரு முழுக்க எங்கள் கூடத்தில்தான் இருந்தது. “மனு ஒரு ஓரமா கெடக்குது. தாளைக் கையில வெச்சிக்கினு இருக்காரு. வெள்ளைக் கட்டத்துல வெரலை வெச்சி, ‘மாமா?’ன்னாரு. ஆமாங்க, பொண்ணோட அம்மாவுக்குத் தம்பின்னேன். எழுந்து நின்னுட்டாரு. ‘நீ மாமாவா? அப்புறம் ஏன்யா அங்கிள்னு எழுதிக் குடுத்தே?’ன்னு கத்தறாரு. அவங்க ஊர்லயும் அம்மா கூடப் பொறந்தவன் மாமாதானாம்! மாமன் துணிமணியோட வந்து நின்னாத்தான் அங்கயும் கல்யாணமாம்! பத்து நாள் கேட்டேன், பதினஞ்சி போட்டுக் குடுத்தாரு.”

எனக்கு எப்படி இருந்தது என்கிறீர்கள்? புத்தகத்திலும் பள்ளிக்கூடத்திலும் தேடித் தேடி அலைந்த வார்த்தை என் வாயிலேயே இருந்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க நான் இரண்டு அங்குலம் உயரமாக நடந்தேன். தாளைத் திருடியதற்கு அப்பா அடிக்கவில்லை. “மூக்கு கோணலா போட்டியாமே” என்று மட்டும் கேட்டார்.

குமரகோட்டம் முருகன் கோயிலில் முகூர்த்தம். மாமா பட்டத்தை அக்காவின் நெற்றியில் வைத்தார். இரும்பில் பழகிய விரல்களுக்கு அந்த மெல்லிய நூலில் முடிச்சுப் போட வரவில்லை. இரண்டு தடவை நழுவியது. அக்கா தலையைக் குனிந்தபடியே, “மாமா, கடிக்கட்டா?” என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு அழுகையாகி, கடைசியில் அம்மாவும் ஒரு கை கொடுத்துத்தான் முடிச்சு விழுந்தது. அத்தை புருஷன் புது வேட்டியோடு முதல் வரிசையில் நின்று அட்சதை போட்டார். அத்தையும் விடாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பெரியப்பாவுக்கும் அவள் புருஷனுக்கும் பேச்சு இல்லை, அதனால் அவள் பெண் கல்யாணத்துக்குப் பட்டம் கட்ட வேண்டியவர் என் அப்பா. அது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பி அப்பாவின் கையைப் பிடித்து, “நீ எங்கயும் போயிடாத தம்பி” என்றாள். காஞ்சிபுரத்தைத் தாண்டி வாலாஜாபாத் கூடப் போகாத மனுஷன் அவர்.

மாமா ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் பெட்டியை அடுக்கும்போது தலையில் அடித்துக்கொண்டார். “மறந்தே போயிட்டேன், ஆபீசர் உனக்கு ஒண்ணு குடுத்து அனுப்புனாரு” என்று ஒரு உறையைக் கொடுத்தார். மேலே இங்கிலீஷில் என் பெயர். என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. எல்லோரையும் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் பிரித்தேன்.

உள்ளே ஒரு ஆபீஸ் தாள். அதில் அந்தப் பெரிய மனிதர் ஸ்கேல் வைத்து, நீல மையால் கட்டங்கள் போட்டிருந்தார். ஒன்றில் சிஸ்டர். அதற்குக் கீழே நீஸ். சிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் என்னுடைய அதே நாலு எழுத்து. கீழே சின்னதாக ஒரு வரி. எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்று கூட அதில் இல்லை. ஐ டிட் நாட் கோ.

“இன்னாடி எழுதியிருக்குது?” என்றாள் அத்தை.

“அவரு போவலையாம் அத்தை. அவரு தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு.”

மாமா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். அந்த வெள்ளைக் கட்டத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அப்பாவின் மேஜைக்குப் போனேன். “நெய்யும்போது விட்டுப்போனா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாதுதானேப்பா?”

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “நெய்ஞ்சிட்டா முடியாதும்மா. இது இன்னும் தாள்லதானே இருக்குது” என்று சொல்லி, நாங்கள் தொடக்கூடாத அவருடைய சிவப்பு மைக் கூட்டையும் தூரிகையையும் என் பக்கம் நகர்த்தினார்.

அந்தக் கட்டத்தை ஒரு துளி வெளியே வழியாமல் நிரப்பினேன். காய்ந்ததும் அதே உறையில் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். அதனால்தான் அந்தத் தாள் இரண்டில் ஒன்று கூட இன்று என்னிடம் இல்லை.

சித்திரையில் மாமாவின் கடிதம் வந்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அத்தை வழக்கம்போல அதற்குள் வந்துவிட்டாள். சௌக்கியம் விசாரித்த வரிகளைத் தாண்டி நான் வாசித்தேன்: “எங்கள் பெரிய ஆபீசர் பத்து நாள் லீவு போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் லீவு எடுத்து இங்கே யாரும் பார்த்ததே இல்லை. பெட்டி நிறையத் துணி வாங்கிக்கொண்டு போனார்.”

அம்மா கையை நிறுத்தினாள். “இன்னொரு வாட்டி படிம்மா” என்றாள். படித்தேன்.

முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். அத்தை கடிதத்தின் மேல் கையை வைத்துத் தடுத்தாள்.

“இன்னொரு வாட்டி படிடி.”